ஆடிக் காற்றில் அணையும் அடுப்பு
ஸ்ரீரங்கம் போகும் சுற்றுலாப் பேருந்துகளும் சிலிண்டர் சங்கதிகளும்

ஆடி பிறந்துவிட்டால் திருச்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டிய பேருந்துகள் அதிகமாகிவிடும். கரூர், நாமக்கல், பெரம்பலூர், புதுக்கோட்டை எனப் பல பக்கங்களிலிருந்தும் கிராமத்து மக்கள் சேர்ந்து வண்டி பிடித்து வருவார்கள். காலையில் சமயபுரம், உச்சிக்குள் திருவானைக்காவல், சாயங்காலம் ஸ்ரீரங்கம். நேரம் மிச்சமிருந்தால் மலைக்கோட்டை, முக்கொம்பு. நாற்று நடவுக்கு முன்பு கிடைக்கும் சின்ன இடைவெளியில் குடும்பத்தோடு போய்வர இதைவிட வசதியான சுற்று இந்தப் பக்கத்தில் இல்லை.

வேளாண் துறையின் 'அட்மா' திட்டத்தில் கண்டுணர்வுச் சுற்றுலா வரும் விவசாயிகளும் உண்டு. 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தாயனூரில் இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இருக்கிறது. பகலில் வாழை ரகங்களைப் பார்த்துவிட்டு, மாலையில் அரங்கனைச் சேவித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பலர்.

ஊர் கூடிக் கிளம்பும் பேருந்துகள் பலவற்றில் ஒரு சமையற்கட்டும் கூடவே வருகிறது. பின்பக்க அடிப்பெட்டியைத் திறந்தால் அண்டா, இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, ஒரு பெரிய காஸ் அடுப்பு, ஒன்றிரண்டு சிலிண்டர்கள். 50 பேருக்கு மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பாடு வாங்குவது கட்டுப்படியாகாது. அதனால் சமையல்காரரையும் உடன் அழைத்து வருகிறார்கள். திட்டம் நல்ல திட்டம்தான். சிக்கல் எல்லாம் அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

காற்று வரும் வழியில் ஓர் ஊர்

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது இந்த இடத்தில்தான். இரண்டு ஆறுகளும் கிழக்கே கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கும்வரை, நடுவில் கிடக்கும் மண்மேடுதான் ஸ்ரீரங்கம் தீவு. சுமார் 30 கிலோமீட்டர் நீளம். ஏழு மதில்கள், 21 கோபுரங்கள், 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம், சித்திரை வீதி, உத்திர வீதி, தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் இந்தத் தீவில் அடக்கம்.

ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கொங்குச் சமவெளியைக் கடந்து, கிழக்கு நோக்கி வீசுகிறது. காவிரிப் பள்ளத்தாக்கு அதற்கு ஒரு வாய்க்கால் மாதிரி. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது திருச்சிக்காரர்களுக்கு வெறும் பழமொழி அல்ல. ஓடத்துறையிலோ அம்மா மண்டபம் படித்துறையிலோ மத்தியானம் நின்று பார்த்தால் வேட்டி நிற்காது. கொள்ளிடக் கரைப் பக்கமான பஞ்சக்கரைச் சாலையிலும் அதே கதைதான். மணற்பரப்பின் மேல் தடையில்லாமல் வருகிற காற்று, மணலையும் சேர்த்துக் கொண்டு வரும்.

இந்தக் காற்றில்தான் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கின்றன. வண்டி மறைவில் அடுப்பை வைத்து, அண்டாவை ஏற்றி, பற்ற வைத்தால் தீ நிற்பதில்லை. ஒரு பக்கம் நீலமாக எரிகிறது, மறுபக்கம் அணைகிறது. அரை மணி நேரம் கழித்துத் தீ தானாகவே இறங்குகிறது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கிறது. "காஸ் இருக்கு, தீ மட்டும் வர மாட்டேங்குதே!" என்ற புலம்பல் அங்கே புதிதல்ல.

இதற்கு அங்கே செய்யப்படும் வைத்தியங்கள் பல. சிலிண்டரைச் சாய்ப்பது, உருட்டுவது, குலுக்குவது, வெந்நீர் ஊற்றுவது, சாக்கைக் கொளுத்திக் கீழே காட்டுவது, கடைசியில் காற்றுக்குப் பயந்து அடுப்பைப் பேருந்துக்குள்ளேயே தூக்கி வைப்பது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஆபத்தானது.

மதுரையில் நடந்தது

2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப் பெட்டி ஒன்று, மதுரை ரயில் நிலையப் பகுதியில் நிறுத்தப்பட்டிருந்தது. ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் பெட்டிக்குள் சிலிண்டர் இருந்தது. அதிகாலையில் உள்ளேயே அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்கள். சுமார் 5.15 மணிக்குத் தீப்பிடித்தது. 9 பேர் இறந்துபோனார்கள். சாமி கும்பிட வந்தவர்கள்.

அதற்கு 19 வருடங்களுக்கு முன்பு, 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது காஸ் விபத்து அல்ல. வீடியோ விளக்குக்குப் போட்ட மின்சாரத்தில் கிளம்பிய தீ, கீற்றுப் பந்தலில் ஏறியது. ஆனால், இரண்டு விபத்துகளும் சொல்லும் செய்தி ஒன்று. அடைசலான இடம், எளிதில் பற்றும் பொருள், கூட்டம், குறுகலான வழி ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் சின்னத் தீயும் சின்னதாக நிற்காது. சுற்றுலாப் பேருந்தின் உட்புறம் அப்படிப்பட்ட இடம்தான். இருக்கை பஞ்சு, திரைச்சீலை துணி, வாசல் ஒன்றோ இரண்டோ.

எனவே, அடுப்பு ஏன் மக்கர் செய்கிறது என்று தெரிந்துகொள்வது சமையல் சீக்கிரம் முடிவதற்காக மட்டுமல்ல. காரணம் தெரியாதபோதுதான் ஆபத்தான வைத்தியத்தில் கை வைக்கிறோம்.

சிலிண்டர் ஏன் குளிர்கிறது?

திருச்சி வெயிலில் சிலிண்டர் குளிர்ந்துபோகிறது என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால், தீ தானாக இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

நாம் வாங்கும் எல்.பி.ஜி., புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். அடுப்புக்கு வருவது அந்தத் திரவம் அல்ல, அதன் மேலே சேரும் ஆவி. அடுப்பு எரிய எரிய, உள்ளே திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும், சிலிண்டரின் இரும்பிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

வீட்டு அடுப்பு மெதுவாக எடுப்பதால், எடுத்த வெப்பத்தைக் காற்று ஈடுகட்டிவிடும். அண்டா வைக்கும் பெரிய பர்னர் வேகமாக எடுக்கிறது. ஈடுகட்ட நேரமில்லை. சிலிண்டரின் அடிப்பாகம் வியர்க்கும். இன்னும் போனால் வெள்ளையாகப் பனி படியும். உள்ளே குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தீ இறங்கும். காஸ் தீரவில்லை. ஆவியாக வழியில்லாமல் கிடக்கிறது.

சிலிண்டர் காலியாகும் நேரத்தில் இது அதிகமாகும். அதற்கு இரண்டு காரணங்கள். திரவ மட்டம் இறங்க இறங்க, வெப்பம் வாங்கும் இரும்புப் பரப்பு குறைகிறது. அடுத்தது, புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரி வரை போனாலே திரவமாக நின்றுவிடும். முதலில் புரொப்பேன் அதிகமாக வெளியேறிவிடுவதால், கடைசியில் தங்குவதில் பியூட்டேன் பங்கு கூடுதல். குளிர்ந்த சிலிண்டரில் அது மந்தமாகத்தான் ஆவியாகும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வந்து, விடியற்காலையில் பொங்கல் வைப்பவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள்.

சரியான வழி எளிது. பர்னரின் அளவுக்கு ஏற்ற சிலிண்டர் வேண்டும். பெரிய அடுப்புக்கு வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரே பொருத்தம். தேவை அதிகமென்றால், முறையான இணைப்புக் குழாய் வைத்து இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்து ஓட்டும் அமைப்பை முகவர் மூலம் செய்துகொள்ளலாம். அங்கேயே உடனடியாகச் செய்யக்கூடியது, தீயைக் குறைத்துவிட்டுச் சிலிண்டருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பது. ஈரச் சாக்கு, தார்ப்பாய் எதுவும் சுற்றியிருந்தால் எடுத்துவிட்டுக் காற்றுப்படும்படி வைக்க வேண்டும்.

சிலிண்டரைப் படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வந்துவிடும். ஒரு பங்கு திரவம் வெளியே வந்ததும் 250 பங்குக்கு மேல் ஆவியாக விரியும். தீ அடுப்பைத் தாண்டி எழும்பும். வெந்நீர் ஊற்றுவதும் நெருப்புக் காட்டுவதும் உள்ளே அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றிவிடும். இந்த மூன்றையும் எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் விவசாயி எப்படிப் பார்ப்பார்? முதலில் கரன்ட், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு பைப், கடைசியில்தான் மோட்டாரை மேலே தூக்குவார். காஸ் அடுப்புக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

முதலில், காஸ் இருக்கிறதா? தூக்கிப் பார்த்துச் சொல்வது கணக்கல்ல. காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டையிலேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டுச் சிலிண்டரில் 15.8 கிலோ என்று இருந்தால், நிறைந்த சிலிண்டர் 14.2 சேர்த்து 30 கிலோ இருக்க வேண்டும். கிளம்பும் முன்பு வீட்டுத் தராசில் வைத்துப் பார்க்கையில் 18 கிலோ காட்டினால், உள்ளே இருப்பது 2.2 கிலோ மட்டுமே. அதை நம்பி 50 பேருக்கு உலை வைக்கக் கூடாது.

அதே பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். அது சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய காலம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருடத்தைக் குறிக்கும். காலம் கடந்த சிலிண்டரை வாங்கும்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ரெகுலேட்டர். வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடும் அழுத்தம், தண்ணீர் மட்டத்தில் அளந்தால் சுமார் 30 சென்டிமீட்டர் உயரம்தான். சிலிண்டருக்குள் இருப்பது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். வீட்டு அடுப்பு அந்தச் சின்ன அழுத்தத்துக்காகவே செய்யப்பட்டது. கல்யாணச் சமையல் பர்னர்களில் சில உயர் அழுத்தத்தில் ஓடக்கூடியவை. அவற்றை வீட்டு ரெகுலேட்டரில் மாட்டினால் தீ சோம்பிக் கிடக்கும். மாற்றி, வீட்டு அடுப்பை உயர் அழுத்த ரெகுலேட்டரில் மாட்டினால் தீ கட்டுக்கடங்காது. வாடகைக்கு எடுக்கும் அடுப்பில் இந்த ஜோடிப் பொருத்தம் தவறுவது சாதாரணம். பாத்திரக் கடையிலேயே ஒரு முறை பற்ற வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கசிவு நிச்சயம்.

மூன்றாவது, ட்யூப். அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் மடங்கிக் கிடந்து வந்த ட்யூப், மடிந்த இடத்தில் காஸை விடாது. எலி கடித்ததும், வெயிலில் வெடித்ததும் கசியும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 'சுரக்ஷா' ட்யூப்பாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கசிவைச் சோப்பு நுரையைத் தடவித்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

நான்காவது, பர்னருக்குக் காஸ் விடும் ஊசித்துளை. இதை 'ஜெட்' என்பார்கள். கொள்ளிடத்து மணல் ஒரு பொட்டு போதும், இந்தத் துளை அடைபட. வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் எடுக்கும் அடுப்பு என்றால் இன்னொரு விருந்தாளியும் உண்டு. மோட்டார் கொட்டகை மூலையில் கிடக்கும் அடுப்பின் கலவைக் குழாய்க்குள் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருக்கும், அல்லது சிலந்தி வலை பின்னியிருக்கும். காஸ் போகும், காற்று போகாது. தீ மஞ்சளாக எரிந்து அண்டாவின் அடியில் கரி பிடிக்கும். சில சமயம் காஸ் பின்வாங்கி, குமிழ் இருக்கும் பக்கமே தீ எரியும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் குழாயைக் கழற்றித் தட்டி, ஊதிச் சுத்தம் செய்தால் பாதிப் பிரச்னை தீரும். துளையில் ஆணியோ கம்பியோ விட்டு நோண்டக் கூடாது. துளை பெரிதானால் பிறகு அந்தத் தீயை அடக்க முடியாது.

ஐந்தாவது, காற்று. நீலத் தீதான் சரியான தீ. மஞ்சள் என்றால் காற்று போதவில்லை. பர்னரை விட்டு எழும்பிச் சத்தத்துடன் ஆடினால் காற்று அதிகம். குழாயின் வாயில் இருக்கும் தகட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

ஆறாவது, ஆடிக் காற்று. இதற்கு மறைப்புதான் வழி. தகரத்தை மேற்குப் பக்கம் அரைவட்டமாக வைத்தால் போதும். நாலு பக்கமும் அடைத்தால் தீக்குக் காற்றுக் கிடைக்காது. சிலிண்டர் அந்தத் தகர மறைப்புக்கு வெளியே, நிமிர்ந்து, தீயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். உள்ளே வைத்தால், தகரம் திருப்பி அனுப்பும் அனலில் சிலிண்டர் சூடேறும்.

மறுக்கிற யந்திரம்

அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளில் வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். இரவில் குளிர் தாங்க, புரொப்பேனில் ஓடும் ஒரு கணப்பும் இருக்கும். அந்தக் கணப்பு எரியாமல் போவது அங்கே பெரிய தலைவலி. நம் பேருந்து அடுப்பின் உறவுக்காரச் சிக்கல்தான்.

அந்தக் கணப்பு வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. முதலில் பேட்டரியில் விசிறி சுழலும். விசிறிக் காற்று ஒரு சின்ன மடக்குத் தகட்டைத் தள்ள வேண்டும். தள்ளினால்தான் காஸ் வால்வு திறக்கும். பிறகு பொறி தட்டும். தீ பற்றியதை ஓர் உணரி சில விநாடிகளில் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் வால்வு மூடிக்கொள்ளும். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, தூசி சேர்ந்து தகடு அசையாவிட்டாலோ, புகைபோக்கியில் குளவி கூடு கட்டினாலோ, விசிறி மட்டும் ஓடும், தீ வராது.

அப்போது சிலர் அந்தத் தகட்டைக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் மோட்டார் ஸ்டார்ட்டரின் ரிலே அடிக்கடி விழுகிறது என்று பட்டனில் ரப்பர் போட்டுக் கட்டுவது போலத்தான். ரிலே விழுவது பழுது அல்ல, பழுதைச் சொல்லும் மணி. மணியைக் கட்டினால் காயில் எரிகிறது. கணப்பின் தகட்டைக் கட்டினால், எரிந்த புகை வெளியே போகாமல் வண்டிக்குள் தங்கும். அரைகுறையாக எரியும் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இது குளிர் நாட்டுக் கதை மட்டுமல்ல. ஸ்ரீரங்கம் முடித்துக் கொடைக்கானலோ ஊட்டியோ ஏறும் பேருந்துகள் உண்டு. மலையில் இரவுக் குளிருக்கு, ஜன்னல்களை மூடிக்கொண்டு காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ உள்ளே எரியவிட்டுத் தூங்கினால் முடிவு அதேதான். போர்வை கூடுதலாகக் கொண்டுபோவதே மலைக்குச் சரியான கணப்பு.

வண்டியில் ஏற்றும்போது

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். பேருந்தின் அடிப்பெட்டி அதற்கென்றே செய்த பள்ளம் மாதிரி. கசிவைக் காட்டிக்கொடுக்கத்தான் மணமில்லாத காஸில் துர்நாற்றம் சேர்க்கிறார்கள். ஆனால், கீழே தேங்கும் காஸின் நாற்றம் மேலே உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு உடனே எட்டாது. காற்றில் சுமார் 2 சதவிகிதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சுவிட்ச் போடும் சின்னப் பொறி போதும்.

ஆகவே, ஆட்கள் ஏறும் பேருந்தில் சிலிண்டரை ஏற்றாமல், சமையல் சாமான்களுக்குத் தனியாக ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்துக்கொள்வதே நல்லது. அதிலும் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்குப் பாதுகாப்பு மூடி போட்டு, நிமிர்த்தி, உருளாதபடி கயிறு கட்டி, காற்றோட்டமாக வைக்க வேண்டும். ரயிலில் சிலிண்டர் அறவே கூடாது.

நாற்றம் தெரிந்தால் முதலில் தீயை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, ஆட்களை இறக்கி, காற்று வரும் பக்கமாக விலகி நிற்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யவோ, விளக்கு போடவோ கூடாது. காஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

தோட்டத்தில் சாண எரிவாயு அடுப்பு இருக்கிறது. அதையே சிலிண்டரில் மாட்டிச் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகலாமா?

கூடாது. சாண எரிவாயுவில் பாதிக்குச் சற்று மேல்தான் எரியக்கூடிய மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அழுத்தமும் மிகக் குறைவு. அதனால் அந்த அடுப்பின் துளை பெரியது. அதில் எல்.பி.ஜி.-யை விட்டால் அளவுக்கு மீறிக் கொட்டும். கலனில் சேரும் சாண எரிவாயுவை வீட்டிலேயே சிலிண்டரில் அடைக்கப் பார்ப்பதும் ஆபத்து.

கோழிக்குஞ்சு கொட்டகையில் வைத்திருக்கும் காஸ் புரூடரும் ராத்திரியில் அடிக்கடி அணைகிறது. அதற்கும் இதே காரணங்கள்தானா?

பெரும்பாலும் ஆமாம். கூடுதலாக ஒன்று உண்டு. தீயின் சூட்டை உணர்ந்து வால்வைத் திறந்து வைத்திருக்கும் சின்னக் கம்பி முனை பல புரூடர்களில் இருக்கும். உமித் தூசியும் இறகுத் தூசியும் அதில் படிந்தால் தீ எரியும்போதே வால்வு மூடிக்கொள்ளும். காஸை மூடி, ஆறிய பிறகு மெல்லிய துணியால் துடைத்தால் பல நேரம் சரியாகும். அந்த முனையைக் கட்டி வைத்துவிட்டு ஓட்டக் கூடாது. அணைந்த புரூடரிலிருந்து காஸ் கசிந்தால் கொட்டகையே போய்விடும்.

சமைக்காமலே இந்தச் சுற்றை முடிக்க வழியுண்டா?

உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. ஒரு வேளையை அங்கே வைத்துக்கொள்ளலாம். தங்க வேண்டியிருந்தால் பஞ்சக்கரைச் சாலையில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. இரண்டு வேளையை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம்.

காவிரிக் கரை மக்கள் ஆடிப்பெருக்குக்கு அப்படித்தான் செய்கிறார்கள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம் எல்லாம் வீட்டு அடுப்பிலேயே தயாராகிவிடும். படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் காவிரிக்குப் படைத்த பிறகு, குடும்பமாக உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். புளியோதரைக்கு நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கிளறி, நன்றாக ஆறிய பிறகு கட்டினால் மறுநாள் காலை வரை தாங்கும். தயிர்ச் சாதத்தைப் பாலில் பிசைந்து, உறைக்குத் துளி மோர் மட்டும் விட்டால் மத்தியானத்துக்குள் புளிக்காது. சுடச்சுடக் கட்டினால் ஆவி இறங்கி எந்தச் சோறும் கெட்டுவிடும். அந்தக் காற்றில் அணைவதற்கு அங்கே அடுப்பே கிடையாது.